மாற்றிக் கட்டிய பட்டை

காபி டம்ளரை எடுக்கப்போன நறுமுகையின் வலது கை, எடுப்பதற்கு முன்னால் அதை மூன்று தட்டு தட்டியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து, டொக் டொக் டொக். அப்புறம்தான் பிடித்தது. அவள் தட்டச் சொல்லவே இல்லை.

முதல் நாள் சிரித்துக்கொண்டாள். மறுநாள் அது கதவுக் குமிழைத் தட்டியது, சீப்பைத் தட்டியது, சாம்பார்க் கரண்டியைத் தட்டியது. மூன்றாம் நாள் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைத் தட்டியபோது, அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பி, "என்னம்மா, எறங்கணுமா?" என்று எழுந்தே விட்டார். அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. நாற்பத்திரண்டு வயதில் சொந்தக் கையே சொன்ன பேச்சு கேட்காவிட்டால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது?

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. நறுமுகை பாறை ஏறுபவள். ஏறுவதும், திண்டுக்கல்லில் ஒரு பழைய நெல் கிடங்குக்குள் செயற்கைச் சுவர் கட்டி மற்றவர்களுக்கு ஏறச் சொல்லிக்கொடுப்பதும்தான் அவளுக்குத் தெரிந்த வேலை. வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள முயன்றதும் கிடையாது. நான்கு மாதத்துக்கு முன்னால் நத்தைக்கரட்டில், குழந்தைகூட ஏறக்கூடிய ஒரு பொடிப் பாறையில், உடம்பைத் திருப்பும்போது மணிக்கட்டுக்குள் 'பொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சுண்டுவிரல் பக்கம் வீங்கிப்போனது. பாட்டில் மூடி திறக்க முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை, நாற்காலியில் கை ஊன்றி எழ முடியவில்லை. ஜவ்வு போய்விட்டது என்றார் டாக்டர். போனதில் பாதி புதுக் கிழிசல், பாதி பழசு, பத்துப் பதினைந்து வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது என்றும் சொன்னார். பழசு எப்போது வந்தது என்று நறுமுகைக்கு ஞாபகம் இல்லை.

அவளுடைய செல்லிலிருந்தே வளர்த்த புது ஜவ்வை உள்ளே வைத்துத் தைத்தார்கள். தைத்த பிறகுதான் வேலையே ஆரம்பம் என்றார் பிசியோதெரபிஸ்ட் சபூரா. ஐம்பது தாண்டியவர், யாரையும் "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார், வலிக்கிறது என்றால் "வலிக்கத்தான் செய்யும்" என்பார்.

"இப்ப உள்ள இருக்கிறது பச்சை ஜவ்வும்மா," என்று முதல் நாளே விளக்கினார் சபூரா. "தான் எதுக்குப் பொறந்தோம்னு அதுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் நார் ஓடும். ஆறு வாரத்துல இறுகிடும். அப்புறம் நீயும் நானும் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது."

"யார் இழுக்கிறது?"

"இந்த உறைதான்." முழங்கை வரை வரும் சாம்பல் நிறக் கையுறை ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஒரு கையோட பதிவை இதுல போட்டா, அந்தக் கை எப்படியெல்லாம் அசைஞ்சுதோ அப்படியே உன் கையை மெதுவா அசைக்கும். தினம் நாலு மணி நேரம். முக்கால்வாசிப் பேருக்குப் பொதுக்கைதான் போடுவோம். சமையல், தட்டச்சு, வண்டி ஓட்டுறதுன்னு நூறு பேரோட கையைக் கலந்து செஞ்ச பதிவு. அது போதும்னா சொல்லு."

"அதை வச்சுப் பாறை ஏறலாமாக்கா?"

"பால் பாக்கெட் தூக்கலாம்."

நல்லவேளை, நறுமுகைக்குச் சொந்தப் பதிவே இருந்தது. இருபத்தைந்து வயதில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக அவளும் அவள் ஏறுதுணை பெனிட்டாவும் வலது கையில் ஒரு பதிவுப் பட்டை கட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஏறியிருந்தார்கள். சபூரா அதைக் கேட்டு வாங்கினார். சும்மா இல்லை, ஆயிரம் எச்சரிக்கையோடு.

"அடுத்தவங்க கையை மட்டும் போடக் கூடாதும்மா. சட்டமும் விடாது, உடம்பும் விடாது. எலும்பு நீளம் வேற, முறுக்கு வேற. நார் மட்டுமா படியும்? நரம்பும் சேர்ந்துதான் பழகும். ஒருத்தன் திருட்டுத்தனமா ஒரு பரோட்டா மாஸ்டர் கையைப் போட்டுக்கிட்டான். இப்ப தலையணை உறை மாட்டும்போதும் வீசுறான். இன்னொருத்தர் செத்துப்போன பொண்டாட்டியோட கையைப் போடச் சொல்லி என் வாசல்ல நாலு நாள் உக்காந்திருந்தார். தன் கையால தன் தலையைக் கோதிக்கணுமாம், அவங்க கோதுற மாதிரி." சபூரா உறையின் வாரை இறுக்கினார். "அவரைத் திருப்பி அனுப்பிட்டேன். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை."

முதல் மூன்று வாரம் நறுமுகைக்குச் சுகமாகத்தான் போனது. பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும், கை கரட்டுக்குப் போய்விடும். இதோ தெற்கு முகத்தின் நீள வெடிப்பு. இதோ காலை வெயில் படாத ஈரப் பிடி. மணிக்கட்டு வளைவதை வைத்தே எந்தப் பாறை, எந்த வளைவு என்று சொல்லிவிடுவாள். அந்த வயதில் தான் இவ்வளவு நிதானமாகவா ஏறியிருக்கிறோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணோரம் ஈரமாகும். சபூரா பார்த்தும் பார்க்காததுபோல அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்.

நான்காவது வாரம் விரல்களின் பதிவையும் சேர்த்தார்கள். அப்போதுதான் இந்தத் தட்டல் வந்தது.

பஸ்ஸில் அந்தப் பெரியவர் எழுந்து வழிவிட்ட கணத்தில் நறுமுகைக்கு விளங்கிவிட்டது. பாறையில் பிடி பிடிக்கும் முன்னால் மூன்று தட்டு தட்டுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். "கல்லு உள்ள கூடா, பொள்ளலா இருந்தா சத்தமே சொல்லிடும்டி" என்பாள் பெனிட்டா. ஒவ்வொரு பிடிக்கும் தட்டுவாள். கீழே கயிறு பிடித்து நிற்கிற நறுமுகை, "கதவு தொறந்துதான் இருக்கு, ஏறித் தொலை" என்று கத்துவாள். இதற்காகவே பெனிட்டா இன்னும் நிதானமாகத் தட்டுவாள்.

இது பெனிட்டாவின் கை. எப்படி வந்தது என்று யோசித்தவள், பஸ்ஸுக்குள்ளேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ராசி. வேறென்ன? ஆராய்ச்சியின் முதல் நாள் அவசரத்தில் இருவரும் பட்டையை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். அன்றைக்குப் பார்த்து, ஆறு மாதமாக ஏற முடியாத ஒரு பாதையை ஏறிவிட்டார்கள். விடுவார்களா? அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் முடிச்சைச் சரிபார்ப்பது, இடுப்பு வாரை இழுத்துப் பார்ப்பது, கடைசியாகப் பட்டையை மாற்றிக் கட்டுவது என்று அதுவே வழக்கமாகிவிட்டது. "என் கை உன்கிட்ட, பத்திரம்" என்பாள் ஒருத்தி. "உன் கை என்கிட்ட, ஏறு" என்பாள் மற்றவள். பட்டைக்கு அது யார் கை என்று தெரியுமா? மேலே எழுதிய பெயர்தான் தெரியும். மூன்று வருஷத்துப் பதிவும் தலைமாறிக் கிடந்ததை ஆராய்ச்சிக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்றுகூட இந்த இரண்டு அறிவாளிகளுக்கும் தோன்றவில்லை.

நறுமுகை போய்ச் சொன்னதைக் கேட்டுவிட்டு சபூரா முதலில் உறையைக் கழற்றினார். அப்புறம் திட்டினார்.

"ராசியாம் ராசி. இரண்டு வாரம்தாம்மா இருக்கு. இப்படியே விட்டா அவங்க எலும்புக்குத் தோதா நார் இறுகும். முதல் தடவை நீ ஒரு கையில தொங்கும்போது ஓரத்துல கிழியும். உன் கை அவங்க பேர்ல இருக்கு. அவங்க சம்மதம் தந்தாத்தான் எடுக்க முடியும். இல்லைன்னா நாளைக்கே பொதுக்கை போட்டுடுவேன். பாறையை மறந்துடு. கேளு அவங்களை."

"கேக்க முடியாதுக்கா. பதினாலு வருஷமாப் பேச்சில்லை."

சபூரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நறுமுகை சொன்னாள்.

நத்தைக்கரட்டின் கிழக்கு முகத்தில் அதுவரை யாரும் ஏறாத ஒரு நேர்ப்பாதை. முதலில் ஏறுகிறவர்தான் பேர் வைக்கலாம் என்பது ஏறுகிறவர்களின் வழக்கம். என்ன பேர் வைப்பது என்று இரண்டு பேரும் ஒரு வருஷமாகச் சண்டை போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பெனிட்டா மேலே, நறுமுகை கீழே. பாதிக்கு மேல், சுலபமான ஓர் இடத்தில், பெனிட்டாவின் கை பிடியை விட்டது. விழுந்து, ஒரு பாறைத் திட்டில் மோதி நின்றாள். வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப்போனது.

"ஆஸ்பத்திரியில அவளைத் திட்டினேன். அவ்வளவு பெரிய பிடி, கவனமில்லாம விட்டுட்டியேன்னு. நழுவிடுச்சுடின்னா, அவ்வளவுதான் சொன்னா. வெளிய வந்தா அவங்கம்மா, கீழ நின்னவ கயித்தை ஒழுங்காப் பிடிக்கலைன்னு யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தாங்க. அப்படியே திரும்பி வந்துட்டேன். மறுபடி போகவே இல்லை."

"பிடிச்சியா, பிடிக்கலையா?"

நறுமுகை தன் கையைப் பார்த்தாள். "அதுதான் எனக்கே தெரியாதுக்கா. வெயில் தாங்காம ஹெல்மெட்டைக் கழட்டிட்டு இடது கையால தலையைத் துடைச்சிட்டிருந்தேன். அந்த நேரத்துலதான் விழுந்தா. வலது கையும் தளர்ந்துதோ என்னவோ."

பதினான்கு வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சபூரா பதிவுகளின் பட்டியலைத் திறந்து கீழே இறக்கினார்.

"அன்னைக்கு எடுத்த பதிவும் இதுலயே இருக்கு. கடைசியில திடீர்னு ஒரு பெரிய பளு தெரியுது. அதனாலதான் உனக்குப் போடாமத் தள்ளி வச்சிருந்தேன்."

"போடுங்கக்கா. ஒரே ஒரு தடவை."

"பத்துல ஒரு பங்கு விசையிலதான் போடுவேன். வலிச்சா உடனே சொல்லணும்."

உறை மறுபடி ஏறியது. நறுமுகை கண்ணை மூடினாள். கை உயர்ந்தது. மூன்று தட்டு. பிடித்தது. மறுபடி மூன்று தட்டு, பிடித்தது. அடுத்து மூன்று தட்டியதும் நின்றது. மறுபடி அதே இடத்தில் மூன்று தட்டு. பொள்ளல் என்று நறுமுகைக்குப் புரிந்தது. கை பின்வாங்கி, பக்கத்தில் இருந்த நல்ல பிடிக்குப் போய் அழுத்திப் பிடித்தது. எல்லாம் சரி என்றிருந்தபோது திடுமென்று அந்தப் பிடியை விட்டது.

அது நழுவலே இல்லை. நழுவுகிற கையில் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும், ஏறுகிறவர்களுக்குத் தெரியும். இது தானாகத் திறந்து, உள்ளங்கையை விரித்து, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, கனமான எதையோ தாங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. அப்புறம் வலது பக்கமாகத் தள்ளியது. தள்ளி முடித்ததும் பற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் விரல்கள் காற்றில் நின்றன.

"கல்லு," என்றாள் நறுமுகை. "கல்லு பேந்திருக்கு. நேரா என் தலைக்கு."

அன்றைக்கு வலப்பக்கப் புதரில் ஒரு கல் விழுந்தது ஞாபகம் வந்தது. விழுந்தவளோடு சேர்ந்து பெயர்ந்த கல் என்று நினைத்திருந்தாள். மேலிருந்து பார்த்தால் கீழே ஹெல்மெட் இல்லாத தலை தெரிந்திருக்கும். நறுமுகைக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிறுமலைக்குப் போனாள். பெனிட்டா அங்கே பலாத் தோப்பு வைத்திருப்பதாக எப்போதோ கேள்விப்பட்டிருந்தாள். பதினெட்டு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது.

தோப்பு வாசலில் பலாப்பழங்கள் குவிந்து கிடந்தன. பெனிட்டா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது இடது கையால். டொக் டொக் டொக். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் பெரிய ஆச்சரியமெல்லாம் இல்லை.

"கையில என்னடி கட்டு?"

"ஜவ்வு."

"ஒழுங்காக் கையைச் சூடு பண்ணிட்டு ஏறுன்னா எப்பக் கேட்டிருக்க. உக்காரு. பழம் சாப்பிடுறியா?"

நறுமுகை சாக்கின் மேல் உட்கார்ந்தாள். வலது கையை நீட்டி ஒரு பலாப்பழத்தை எடுக்கப்போனாள். அது எடுக்காமல் மூன்று தட்டு தட்டியது.

பெனிட்டா அந்தக் கையையே பார்த்தாள்.

"உன் கைடி. பட்டையை மாத்திக் கட்டினோமே," என்று நறுமுகை மொத்தத்தையும் சொன்னாள். பாதியிலேயே பெனிட்டா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அடிப்பாவி. எனக்கும் ஒரு நாளாவது உறைச்சுதா பாரு. ராசியோட லட்சணம்." சிரித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "மூணு வருஷமும் இருக்கா அதுல? கடைசி நாளும்?"

"கடைசி நாளும்."

பெனிட்டா கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு பெரிய கல்லு?" என்று நறுமுகை கேட்டாள்.

"ஆட்டுக்குட்டி அளவு இருக்கும்."

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா? நீ ஹெல்மெட்டைக் கழட்டினதாலதான் என் விரல் போச்சுன்னு சொல்லணும். நீ அன்னைக்கே பாறையை விட்டிருப்பே. உனக்கு ஏறுறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. எனக்குப் பலாப்பழமாவது தெரியும்."

"உங்கம்மா என்னைத்தான்..."

"அம்மாவுக்கு யாரையாவது சொல்லணும், சொன்னாங்க. நீ மறுநாள் வருவே, அது அப்படி இல்லைன்னு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். நீ வரலை." பெனிட்டா மடங்காத இரண்டு விரல்களை முழங்காலில் தேய்த்தாள். "ஒரு வாரம் வாசலைப் பாத்தேன். அப்புறம் எனக்கும் கோவம் வந்துடுச்சு. பதினெட்டு வளைவுதான்டி. பதினாலு வருஷமா ஏறி வர உனக்கு?"

வெட்டிவைத்திருந்த சுளையை நறுமுகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். சபூரா கொடுத்தனுப்பிய சம்மதப் பத்திரத்தில் பெனிட்டா இடதுகைப் பெருவிரலை வைத்துவிட்டு, பலாப் பிசின் ஒட்டாமல் இருக்க நறுமுகையின் கையில் எண்ணெய் தடவிவிட்டாள்.

மறுநாளே நறுமுகையின் உண்மையான கைப்பதிவு வந்து சேர்ந்தது. சபூரா இந்த முறை எல்லாப் பதிவையும் தானே முதலில் ஆராய்ந்தார். கடைசிப் பதிவுக்கு வந்தபோது அதை இரண்டு முறை திருப்பி ஓட்டிப் பார்த்தார்.

"இங்க வாம்மா. இது உன் கை, கீழ கயிறு பிடிச்ச கை. இதோ அவங்க விழுறாங்க. கயிறு சட்டுனு இழுக்குது. கை திறக்கலை. மணிக்கட்டு முறுக்கிக்கிட்டு மடியுது பாரு, அப்பவும் திறக்கலை." திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். "டாக்டர் சொன்னாரே பழைய கிழிசல்னு. இந்த நொடிதான்."

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் தன் கை வலித்ததை நறுமுகை கவனிக்கவே இல்லை. பிறகு அவ்வப்போது வலித்ததை வயசு என்று விட்டிருந்தாள். இப்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதினான்கு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதுபோல் இருந்தது.

"உன் சிநேகிதிகிட்ட சொல்லுவியா?" என்று கேட்டார் சபூரா.

"யோசிக்கணும்கா."

பதிவு ஓடி, ஆறு வாரம் முடிந்து, அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பிசைவதும், ரப்பர் பந்து அமுக்குவதும், ஈரத்துண்டு பிழிவதுமாக இன்னும் ஐந்து மாதம் போனது. வளர்ந்த பெண்ணுக்குப் பாட்டில் மூடி திறந்ததே திருவிழாவாக இருந்தது. தட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் டம்ளரை நேராகப் போய்ப் பிடித்தது கை. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, தானே மூன்று தட்டு தட்டிவிட்டு மறுபடி எடுத்தாள்.

மார்கழியில் நத்தைக்கரட்டின் கிழக்கு முகத்துக்குக் கீழே இரண்டு பேரும் நின்றார்கள். பெனிட்டா இடது கையால் கயிறு பிடிக்க ஒரு மாதமாகக் கிடங்குச் சுவரில் பழகியிருந்தாள். முடிச்சைப் பார்த்தார்கள். இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தார்கள். மாற்றிக் கட்டப் பட்டை இல்லாததால் சற்று நேரம் சும்மா நின்றார்கள்.

"ஆமா, என் பேர்ல இருந்த கடைசிப் பதிவு," என்றாள் பெனிட்டா, ஹெல்மெட் வாரை மாட்டியபடி. "அதுல என்ன இருந்துச்சு? நீ சொல்லவே இல்லையே."

நறுமுகை பிடி வழுக்காமல் இருக்கச் சாக்பீஸ் பொடியை உள்ளங்கையில் தேய்த்தாள். மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் தையல் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. சொன்னால் இவள் இதையும் தன் தலையில் ஏற்றிக்கொள்வாள். இன்னும் பதினான்கு வருஷம் சுமப்பாள்.

"என்ன இருக்கும்? கயிறு பிடிச்சிட்டிருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பாதிக்கு மேல் அந்த இடம் வந்தது. கல் பெயர்ந்த குழி இன்னும் பாறையின் மற்ற நிறத்தோடு சேராமல் இருந்தது. நறுமுகை நின்றாள். கை சும்மாதான் இருந்தது. அவளாகவே இரண்டு விரலைச் சேர்த்து, பக்கத்துப் பிடியை மூன்று தட்டு தட்டினாள்.

"கதவு தொறந்துதான் இருக்கு," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நான் ஹெல்மெட் போட்டிருக்கேன். நீ பிடியை விடாம ஏறு."

நறுமுகை பிடித்தாள். வலிக்கவில்லை. அடுத்த பிடிக்குக் கையை நீட்டினாள்.